கூரை நீரும் குணவிரதமும்

(தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யம நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று சம்யமத்திற்குரிய நாள். சம்யமம் இருவகைப்படும் என்பது நாம் அறிந்ததே. ஐம்புலன்களையும் மனத்தையும் அடக்குதல் இந்திரிய சம்யமம். ஆறு வகை உயிர்களையும் காத்தல் பிராணி சம்யமம். முன்னதைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் விரிவாகப் பேசுகின்றோம். பின்னதைப் பேசும்போது மட்டும் எறும்பு, பூச்சி, ஆடு, மாடு என நடமாடும் உயிர்களோடு நின்றுவிடுகின்றோம். மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் ஐந்தும் பாடம் ஒப்பிக்கும்போது சொல்லப்படுவதோடு சரி. அவற்றுள் ஒன்றாகிய நீரைப் பற்றி, அதுவும் நம் வீட்டுக் கூரையில் விழுந்து தெருவில் ஓடி மறையும் மழைநீரைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். தோட்டக்கலைத் துறையினர் பேசவேண்டியதைத் தமிழாசிரியர் ஏன் பேசவேண்டும் என்று சிலர்க்குத் தோன்றலாம். இது முதற்கண் அறநூற் பொருள். அதன் பின்னரே தோட்டப் பொருள்.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தை நாம் அறிவோம். அந்நூலின் கருத்தைத் தமிழில் குறள் யாப்பில் தருவது நம் அருங்கலச்செப்பு. இல்லறத்தார்க்குரிய குணவிரதம் மூன்றனுள் ஒன்றாக அநர்த்த தண்ட விரதம் அங்கே கூறப்படுகின்றது. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீச்செயலை விலக்குதல் என்பது அதன் பொருள். அத்தீச்செயல் ஐந்து வகை. அவற்றுள் ஒன்று பிரமாதசரியை. பிரமாதம் என்றவுடன் இன்றைய பேச்சுவழக்கில் 'மிக நன்று' என்று பொருள் கொள்ளாதீர்கள்; இங்கு அது மறதி, சோர்வு, கவனமின்மை. தேவையின்றி மண்ணைத் தோண்டுதல், தேவையின்றி நீரைக் கொட்டுதல், தேவையின்றித் தீ மூட்டுதல், காற்றை வீசுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியன அதில் அடங்கும். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோவதைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் முற்பட்ட மரபு ஒன்று பாவச்செயலின் வரிசையில் வைத்திருக்கின்றது என்றால் அதன் நுண்மையை எண்ணிப் பாருங்கள். நீர் குறைவாக இருந்ததனால் விதித்த கட்டுப்பாடு அன்று அது. ஏரிகள் நிறைந்திருந்த காலத்திலும் அது பாவமே.

நம் வீடுகளில் நீரை வடிகட்டி அருந்தும் வழக்கம் எவ்வளவு ஆழமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அவ்வழக்கத்தின் பின்பாதியை நாம் மறந்துவிட்டோம். இரண்டாக மடித்த தூய துணியில் நீரை வடித்தபின், துணியில் தங்கும் சிற்றுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீரை எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல அலசிவிடவேண்டும். ஒரு நீரில் வாழும் உயிர் வேறு நீரில் விடப்பட்டால் வாழாது என்பதே காரணம். அந்தத் துணியைப் பிழிதலும் கூடாது. இந்தப் பின்பாதியே அகிம்சை. முன்பாதி மட்டும் என்றால் அது உடல்நலம் பேணல், அவ்வளவே. குழாய் நீரையும் லாரி நீரையும் வடிகட்டும் வீட்டில் இப்பின்பாதியை எவ்வாறு நிறைவேற்றுவது? நீர் எங்கிருந்து வந்தது என்றே நமக்குத் தெரியாதே!

இங்கேதான் என் கவலை தொடங்குகின்றது. ஜினாலயத்துக் கிணற்றில் நீர் இறைத்து, வடிகட்டி, அந்நீரால் ஜினபிம்பத்திற்குத் திருமஞ்சனம் செய்வது நம் முறை. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் நம் முன்னோர் ஆலயம் எழுப்பியபோது அருகிலேயே கிணறும் தோண்டினர். இன்று சில ஊர்களில் அக்கிணறு பங்குனிக்கு முன்பே தரை தட்டிவிடுகின்றது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள். ஊரார் முந்நூறு அடியிலிருந்து உறிஞ்சும்போது முப்பதடிக் கிணற்றில் என்ன இருக்கும்? விழா நாளில் லாரியில் நீர் வருகின்றது. பூசகர் முறைப்படி அதனையும் வடிகட்டுகின்றார். துணியை அலசிவிடக் கிணற்றில் நீர் இல்லை. இதனை ஓர் ஊரில் கண்ட நாளிலிருந்து எனக்கு மழையைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. கோயிலின் கல்தளத்தில் விழும் மழை முழுவதும் தூம்பு வழியே வீதிக்குப் பாய்ந்து செல்கின்றது. பத்தடித் தொலைவில் வறண்ட கிணறு!

நீர் எங்கே விழுகின்றது, எப்படி ஓடுகின்றது என்று கூர்ந்து பார்த்தல் நமக்குப் புதிய கலை அன்று. மதுரைக்கு அருகே மாங்குளத்திலும் தமிழகத்தின் பிற குன்றுகளிலும் நம் முனிவர்கள் தங்கிய குகைத்தளங்களைக் கண்டிருப்பீர்கள். கற்படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்துகளையும் பார்த்து வியக்கின்றோம். குகையின் நெற்றியில் நீளமாக வெட்டப்பட்டிருக்கும் காடியைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பாறையின் மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே புகாமல் அவ்விளிம்பில் தடைப்பட்டு வெளியே சொட்டும்படி செய்த அமைப்பு அது. மாங்குளத்து எழுத்துகளைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தன என்பர் அறிஞர். நீரைத் தேக்க அன்று, விலக்க வெட்டிய காடி என்பது உண்மைதான். ஆனால் ஒரு விரற்கடை வெட்டில் மழையை இட்ட வழியில் நடத்தமுடியும் என்று அறிந்தவர்களின் கைவேலை அது. நாம் நான்கங்குலக் குழாயை வைத்துக்கொண்டு திகைக்கின்றோம்.

சித்தன்னவாசலின் மேல்விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கின்றது. சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய காதிகா பூமி அது என்பர். மீனும், பறவைகளும், யானையும், எருமையும், மலர் கொய்யும் பவ்வியரும் அந்த ஒரே நீரில் ஒன்றையொன்று அஞ்சாமல் இருக்கக் காண்கின்றோம். அக்கோயிலைப் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. ஆசிரியர் ஒருவர் செய்த பணி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. அதனால்தான் இதனை இடையில் சொன்னேன்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். இது ஒன்றை நினைவில் கொண்டால் போதும். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை பொழிகின்றது. அதில் பெரும்பகுதி ஆடி முதல் கார்த்திகை வரை. தெறித்தும் உலர்ந்தும் போவதைக் கழித்து நூற்றுக்கு எண்பது பங்கு கிடைக்கும் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு 74,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் அது ஆறு லாரி. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் ஐயாயிரம் குடத்திற்குச் சற்றே குறைவு. ஆண்டுதோறும் இத்தனை குடத்தையும் யாரோ நம் வாசலில் இறக்கிவைக்கின்றார். நாம் கதவைத் திறப்பதில்லை.

முழுவதையும் தொட்டியில் அடைக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது, வேண்டியதும் இல்லை. ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று போதும் தொடங்குவதற்கு. 14 மில்லிமீட்டர் மழை, அதாவது நடுத்தரமான ஒரே ஒரு மழை, அதனை நிரப்பிவிடும். நூறு சதுர அடிக் காய்கறிப் பாத்திக்கு வெயில் நாளில் நாற்பது, நாற்பத்தைந்து லிட்டர் வேண்டும். ஆகவே ஒருமுறை நிரம்பிய தொட்டி மூன்று வாரத்திற்குமேல் தாங்கும். சருகும் வைக்கோலும் இட்டு மூடாக்குப் போட்டால் இன்னும் சில நாள். மழைக்காலத்தில் தொட்டி பலமுறை நிரம்பிப் பலமுறை காலியாகும். ஆடியில் விதைத்த அவரையும் புடலையும் பீர்க்கும் வெண்டையும், கீரைகளும், பூசைக்குரிய நந்தியாவட்டையும் செம்பருத்தியும் தை மாதம் வரை ஆழ்துளை நீரின்றி வளரும். கிழங்கு விளைவிக்காத தோட்டம் நம்முடையது. எனவே மண்ணை அடிக்கடி ஆழக் கிளற வேண்டியதும் இல்லை.

மழைநீரில் உப்பு இல்லை என்பது செடிகளுக்குப் பெரும்பேறு. ஆழ்துளை நீரை ஊற்றும் பூந்தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நீரின் உப்பு. மண்ணிலும் அவ்வாறே ஏறும். இலை நுனி கருகும். மழைநீர் அவ்வுப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும்.

அமைப்பு எளியது. மாடியிலிருந்து இறங்கும் நான்கங்குலக் குழாயின் வாயில் இலை தடுக்கும் வலை. கீழே ஒரு கிளைக்குழாயும் திருகும். முதல் மழையின் முதல் பத்து நிமிட நீரில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும். அதனைக் கிளைவழியே மரத்தடிக்கு விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்பவேண்டும். ஓட்டு வீடானால் தாழ்வாரத்தின் விளிம்பில் தகரக் காடி. தொட்டியை இரண்டடி உயரத் திண்ணையின்மேல் வைத்தால் மோட்டார் தேவைப்படாது. குடம் நிறையும், சிறு குழாயும் ஓடும். தொட்டி நிரம்பி வழியும் நீரை வீணாக்காமல் வடிகுழிக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் செலுத்தவேண்டும். நான்கடி ஆழக் குழியில் அடியில் பெருஞ்சல்லி ஓரடி, அதன்மேல் சிறுசல்லி ஓரடி, அதன்மேல் பருமணல் ஓரடி. மேலே ஓரடி வெற்றிடம். மேலே விழும் நீர் மூன்றடுக்கையும் கடந்து அடியிலுள்ள குழாய் வழியே கிணற்றை அடையும். குளியலறை நீரையும் தெரு நீரையும் இதனுள் கலக்கவே கூடாது. இவ்வளவே பொறியியல்.

2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. நல்ல ஆணை. பயனும் கண்டோம். ஆனால் அப்போது சான்றிதழுக்காகப் பொருத்திய குழாய்களுள் பல இன்று மணல் தூர்ந்து, அல்லது எங்கும் சென்று சேராமல் சுவரோடு நிற்கின்றன. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அதே நகரம் 2015 திசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அங்கு அடுக்ககங்களில் வாழும் நம் பிள்ளைகள் தனித்தொட்டி வைக்க இயலாதெனினும், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பொதுமாடியின் குழாய் எங்கே முடிகின்றது என்று ஒரு கேள்வி கேட்கலாம்.

சமணராகிய நமக்கே உரிய ஐயங்கள் சில உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை; இவ்வுரையே அவற்றுக்காகத்தான்.

முதல் ஐயம் மூத்தோர் எழுப்புவது. வடிகட்டிய நீருக்கே இரண்டு நாழிகைதான் எல்லை என்று இருக்க, வாரக்கணக்கில் தேக்கிய நீரைத் தொடலாமா? அவ்வெல்லை அருந்தும் நீருக்கும் சமையலுக்கும் உரியது. தோட்டத்திற்கு ஊற்றும் நீர் அவ்விதிக்குள் வாராது. கிணற்று நீரும் தேங்கிய நீர்தானே? மேலும், மழைக்காலத்தில் முற்றத்தில் அண்டாவை வைத்து, அதன் வாயில் வேட்டித் துணியை இரண்டாய் மடித்துக் கட்டி மழைநீர் பிடித்த பாட்டிமார்களை நம்மில் பலர் கண்டிருக்கின்றோம். அவர்கள் நம்மைவிட ஆசாரம் குறைந்தவர்கள் அல்லர்.

இரண்டாவது ஐயம் கடினமானது. தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தூய நீரைத்தான் நாடும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாளே போதும். அதன்பின் என்ன செய்வோம்? சுகாதாரப் பணியாளர் வந்து மருந்து ஊற்றுவார்; அது அவர் கடமை, குறை சொல்ல ஏதுமில்லை. அல்லது கப்பி மீனை விடச் சொல்வார். மீன் புழுக்களைத் தின்னும். அல்லது தொட்டியைக் கவிழ்ப்போம். புழுக்கள் வெயிலில் துடித்து மாயும். மூன்றும் கொலைதான். மீனை ஏவியவனுக்கும் பங்கு உண்டு. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் விலக்கச் சொன்ன நெறி நம்முடையது. "அதனால்தான் மழைநீரே வேண்டா என்கிறோம்" என்று ஒரு சாரார் முடித்துக்கொள்கின்றனர்.

அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. அவர்கள் வீட்டுக் கொல்லையில் கவிழ்க்காத தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய டயரிலும், பூந்தொட்டியின் தட்டிலும் மழைநீர் தேங்கியே தீரும். தொட்டி இல்லாத வீட்டில் கொசு இல்லை என்பது பொய். கொசு பிறந்தபின் என்ன செய்வது என்பதை விட்டு, அது அங்கே பிறவாமற் காப்பது எங்ஙனம் என்று கேட்பதே நம் நெறி. தொட்டியின் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். நீர் நுழையும் வாய், வழியும் குழாயின் வாய், காற்றுத் துளை ஆகிய மூன்றிலும் கொசுவலை கட்டவேண்டும். பெரும்பாலோர் நுழைவாயில் மட்டும் வலையைக் கட்டிவிட்டு வழிகுழாயை மறந்துவிடுகின்றனர். கொசு அவ்வழியே செல்லும். பிரமாதம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை வேறு இல்லை. வலை கிழிந்ததா என்று வாரம் ஒருமுறை பார்த்தல் வேண்டும். உள்ளே முட்டையிட இடமில்லையேல் மருந்தும் வேண்டா, மீனும் வேண்டா. அதே மூடி அணிலையும் பல்லியையும் விழாமற் காக்கும். ஒளி புகாத கருந்தொட்டியானால் பாசியும் படராது. பாசியின் ஓர் உடலில் எண்ணிறந்த உயிர்கள் என்று ஆகமம் சொல்வதால் அதனைத் தேய்த்துக் கழுவும் வினையும் நமக்கு மிச்சம். வெளியே வாளியோ தட்டோ திறந்து கிடக்கலாகாது என்பதையும் சேர்த்துக்கொள்க.

மூன்றாவது ஐயம் குழி தோண்டுவது பற்றியது. மண்ணைத் தோண்டினால் மண்ணுடல் உயிர்க்கும், மண்புழு முதலியவற்றுக்கும் துன்பமன்றோ? ஆம், துன்பமே. இல்லறத்தார் முற்றாக விலக்கவேண்டியது கருதிச் செய்யும் கொலை. வீடு கட்டுதல், சமைத்தல், பயிரிடுதல் ஆகிய ஆரம்பச் செயல்களில் நேரும் துன்பத்தை விழிப்புடன் குறைத்துக்கொள்ளவே அவர்க்கு ஆணை. ஒருமுறை தோண்டும் நான்கடிக் குழி, ஊரார் மீண்டும் மீண்டும் இறக்கும் ஆழ்துளைகளைத் தவிர்க்குமானால் கணக்கு எப்பக்கம் சாயும் என்பதைக் கேட்போரே முடிவு செய்யட்டும். ஆனால் தோண்டும் காலத்தைத் தேர்ந்தெடுப்பது நம் கையில் உள்ளது. மழைக்காலத்தில் மண்ணெங்கும் உயிர் பெருகும் என்பதனாலன்றோ நம் முனிவர்கள் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குகின்றனர்? ஆகவே குழிவேலையைப் பங்குனி, சித்திரையில், மண் உலர்ந்திருக்கும்போது செய்துவிடவேண்டும். இப்போது, இந்த ஆவணியில், யாரும் மண்வெட்டியை எடுக்கவேண்டா. மாடியைத் தூய்மை செய்யும்போதும் விளக்குமாற்றால் வறட்டென்று தேய்க்காமல், மென்மையான துடைப்பத்தால் எறும்புகளை ஒதுக்கிப் பெருக்குக. முனிவர் கையிலுள்ள மயிற்பீலி நமக்குக் காட்டும் முறை அதுவே.

இறுதியாக, பூட்டிய வீடுகள். நம் சிற்றூர்களில் ஜினாலயத்தைச் சுற்றியுள்ள வீதிகளில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பது நீங்கள் அறிந்ததே. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாட்டிலும் இருக்கின்றனர். விழாவுக்கு வந்து செல்கின்றனர். அவ்வீடுகளில் தோட்டமில்லை, தொட்டி தேவையில்லை. ஆயினும் கூரை இருக்கின்றது. அதன்மேல் மழை பெய்கின்றது. ஆயிரம் சதுர அடி வீடுகள் பத்து என்றால் ஆண்டுக்கு ஏழு இலட்சம் லிட்டருக்குமேல் ஆகின்றது. அக்கூரைகளின் நீரை ஆலயக் கிணற்றுக்குத் திருப்பலாம். இவ்வாண்டு குழி தோண்டாமலே செய்ய வழியுண்டு: பெரிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றில் நான் முன்பு சொன்ன அதே வரிசையில் சல்லியும் மணலும் நிரப்பி, மேலே வலையைக் கட்டி, அடியிலிருந்து ஒரு குழாயைக் கிணற்றின் கைப்பிடிச்சுவர் வழியே உள்ளே விட்டால் போதும். ஆலய மண்டபத்தின் தூம்பு நீருக்கும் அவ்வாறே ஒரு பீப்பாய். மழைக்காலம் முடிந்தபின் மேல்மணலைச் சுரண்டி மாற்றவேண்டும், அவ்வளவே பராமரிப்பு.

விழாவுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ஊர் திரும்புமுன் சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டாரிடமும் அறங்காவலர்களிடமும் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். கூரைமேல் ஏறவும் குழாய் பொருத்தவும் உங்கள் இசைவு வேண்டுமல்லவா? கிணற்றுக்கு மிக அருகிலுள்ள வீட்டிலிருந்து தொடங்கலாம். ஐப்பசி பிறக்க இன்னும் சில வாரங்கள் உள்ளன. ஒரு வீட்டுக்குக் குழாய் வேலை ஒரு நாள்.